கீழ் இடது மூலை பற்றிய இரண்டாம் வாக்குமூலம்

பெயர், தந்தையின் பெயர், முகவரி ஆகியவை சென்ற மாதம் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் திருத்தம் இல்லை. வயது அப்போது ஐம்பத்தொன்று. இடையில் பிறந்தநாள் வந்துபோனதால் இப்போது ஐம்பத்திரண்டு. படிப்பு முதுகலை. தொழில், உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றின் செய்திப் பிரிவில் துணை ஆசிரியர். பத்தொன்பது வருடங்களாக அதே பதவி. இன்று காலை பத்து நாற்பதுக்கு, யாரும் அழைக்காமல், நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, நான் சொல்வதாவது:

முதல் வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில், "அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது நான் செய்தி வரிசைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைக் கவனிக்கவில்லை" என்று இருக்கிறது. நான் சொன்னதுதான். அது பொய். கவனித்தேன். எத்தனை மணிக்குக் கவனித்தேன் என்பதற்கும் என்னிடம் அத்தாட்சி உள்ளது. அதைக் கொடுக்கவே வந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டுப்பாட்டு அறை சன்னல் இல்லாத நீள அறை. சுவரில் பதினொரு திரைகள். நடுவில் உள்ள பெரிய திரையில் தெரிவதுதான் வீடுகளுக்குப் போவது. முன் வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஒலி, ஒருவர் படம் மாற்றுபவர், ஒருவர் எழுத்துப் பட்டைகளை ஏற்றி இறக்குபவர், ஒருவர் ஸ்டுடியோவோடு பேசுபவர். அவரவர் முன்னால் உள்ள சிறு திரையில் அவரவர் பங்கு மட்டும் தெரியும். பின் வரிசையில் நடுவில் என் நாற்காலி. பெரிய திரையை முழுதாகப் பார்ப்பதற்கென்றே அந்த அறையில் சம்பளம் வாங்குபவன் நான் ஒருவன்தான். என் வலது கையருகே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பேசினால் முன்னால் இருக்கும் நான்கு பேர் காதிலும் கேட்கும்.

எந்தக் காட்சி போகலாம், எது கூடாது என்று ஒப்புதல் தருவதும் முன்பு என் வேலையாக இருந்தது. சென்ற வருடம் ஒரு சுற்றறிக்கை மூலம் அது என்னிடமிருந்து எடுக்கப்பட்டு, செய்தி ஆசிரியரிடம் சேர்க்கப்பட்டது. செய்தி ஆசிரியருக்கும் எனக்கும் உள்ள உறவையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்கள் அதற்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் அவர் எங்களிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நான்கு வரியில் ஒரு செய்தியை எப்படி முடிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்று வருடங்களுக்கு முன் அவர் எனக்கு மேலே போனார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்பார்கள். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எது தவறாக நடந்தாலும் எழுத்தில் குறிப்பு அனுப்புவது என் வழக்கம் என்பதால் 'மெமோ சார்'.

சம்பவத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன், பரபரப்பான செய்தி ஓடும்போது திரையின் அடியில் வரும் சிவப்புப் பட்டையை, நாங்கள் பிளேட் என்போம், செய்தி ஆசிரியர் இரண்டு மடங்கு உயரமாக்கினார். அப்போது நான் ஒரு மெமோ எழுதினேன். பழைய காட்சியைப் பயன்படுத்தும்போது கீழ் இடது மூலையில் 'கோப்புக் காட்சி' என்று சிறிய வெள்ளை எழுத்தில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. புதிய பிளேட் அந்த மூலையை முழுதாக மூடிவிடும், நேயர்கள் பழைய காட்சியை இன்றைய காட்சி என்று எண்ணிவிடுவார்கள், ஆகவே குறிப்பை வேறு மூலைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் செய்தி ஆசிரியர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

"மேல் மூலை ரெண்டுலயும் லோகோவும் மணியும் இருக்கு, மெமோ சார். லோகோவைக் கழட்டி உங்க வீட்டு வாசல்ல மாட்டிடலாமா? மூலையைப் பாக்கறதுக்கா சார் ஜனங்க டிவி போடறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். வீடியோ தொகுப்பாளரான இளம்பெண்ணும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் மனதில் வைத்துக்கொண்டேன். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

சம்பவ நாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று பத்துக்கு, நகரின் வடக்கே உள்ள ஒரு நீச்சல் குளத்தில் ஏழு வயதுச் சிறுவன் மூழ்கி இறந்தான், பயிற்சியாளர் கைது என்று தகவல் வந்தது. நிருபர் போய்க்கொண்டிருந்தார். கைதானவரின் படம் எங்களிடம் இல்லை. செய்தி ஆசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விஷுவல் எங்க?" என்றார்.

"ரிப்போர்ட்டர் டிராஃபிக்ல நிக்கிறாராம் அண்ணா" என்று தொகுப்பாளர் சொன்னார்.

"அவன் நிக்கட்டும், நாம நிக்க முடியாது. பழசுல எதாவது நீச்சல் குளம் கெடக்கும். தேடிப் போடு."

அதன் பிறகு தொகுப்பாளர் சேமிப்பில் தேடி, ஆறு மாதங்களுக்கு முன் நாங்கள் ஒளிபரப்பிய 'கோடையில் நீந்துவோம்' என்ற நிகழ்ச்சியிலிருந்து பதினான்கு வினாடிகளை வெட்டி எடுத்தார். அது நகரின் தெற்கே உள்ள வேறொரு குளம். அதில் ஒரு மாஸ்டர், வயது முப்பத்தெட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். ஒரு சிறுமி அவர் உள்ளங்கை மேல் மல்லாந்து படுத்திருக்கிறாள். அவர் ஏதோ சொல்கிறார். அதன் பிறகு கையை மெல்ல எடுத்துவிடுகிறார். சிறுமி மிதக்கிறாள். அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் சொன்னது, "புடிச்சிருக்கேன், பயப்படாத" என்பது. மூல நிகழ்ச்சியில் அது கேட்கும். செய்திக்கு வெட்டும்போது ஒலி எடுக்கப்பட்டுவிடும். ஒலி இல்லாமல் பார்த்தால், ஒரு ஆள் குழந்தையின் அடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரிப்பது மட்டும்தான் தெரியும்.

தொகுப்பாளர் அதில் 'கோப்புக் காட்சி' என்ற குறிப்பைக் கீழ் இடது மூலையில் போட்டார். இதை நான் அவருடைய கணினியில் என் கண்ணால் பார்த்தேன். அப்போது மணி மூன்று ஐம்பது. அவர் குறிப்புப் போட மறந்தார் என்று செய்தி ஆசிரியர் இந்த நிலையத்தில் சொல்லியிருப்பது உண்மையல்ல.

அதைப் போட்டுவிட்டு அவர் என்னிடம் கேட்டார். "சார், முகம் தெளிவாத் தெரியுது. மங்கலாக்கிடவா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

"என்னை ஏம்மா கேக்கற? சர்குலர் படிக்கலையா? விஷுவலுக்கு நான் யாரு? உங்க தலைவரைக் கேளு" என்றேன்.

 அவர் செய்தி ஆசிரியரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "கோப்புன்னு போட்டுட்டல்ல? அப்புறம் என்ன, ஏத்து. நமக்கு முன்னாடி அடுத்த சேனல்காரன் போட்டுட்டான்னா முதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றார் செய்தி ஆசிரியர். அதன் பிறகு அவர் முதலாளியோடு தொலைபேசியில் பேசப் போய்விட்டார். கட்டுப்பாட்டு அறைக்கு வரவில்லை.

நான்கு ஐந்துக்குச் செய்தி ஏறியது. முதல் ஆறு நிமிடம் செய்தி வாசிப்பவர் மட்டுமே திரையில் இருந்தார்.  நான்கு பதினொன்றுக்குச் செய்தி ஆசிரியர் தன் அறையிலிருந்தே காட்சியையும் பிளேட்டையும் ஒன்றாக ஏற்றச் சொன்னார். சிவப்புப் பட்டை ஏறியது. 'சிறுவன் பலி: நீச்சல் பயிற்சியாளர் கைது.' அந்த வாசகத்தை எழுதியவன் நான். காட்சியோடு சேர்ந்தே பட்டையும் ஏறியதால் மூலையில் இருந்த குறிப்பு ஒரு வினாடிகூடத் தெரியவில்லை.

நான் பார்த்தேன். மூன்று மாதங்களுக்கு முன் நான் எழுதியது எழுதியபடியே, ஒரு எழுத்து பிசகாமல், பெரிய திரையில் நடந்துகொண்டிருந்தது. வலது கையருகே பொத்தான் இருந்தது. பட்டையை ஏற்றி இறக்குபவர் எனக்கு நான்கு அடி முன்னால் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கூட வேண்டாம், கூப்பிட்டாலே திரும்பியிருப்பார்.

நான் என் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பெரிய திரையைப் படம் பிடித்தேன். நேரம் நான்கு பன்னிரண்டு. கைபேசியிலேயே பதிவாகியுள்ளது. மறுநாள் காலை அந்தப் படத்தையும் என் மெமோவின் நகலையும் சேர்த்து முதலாளியின் மேசையில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால், சின்ன விஷயம் என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் ஓடட்டும் என்று நினைத்தேன். ஓடட்டும் என்று மனதுக்குள் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

திரையில் தெரிந்தவர் ஒரு மனிதர் என்று அப்போது நினைத்தீர்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, நினைக்கவில்லை, மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறேன்.

அதன் பிறகு ஐந்து இருபதுக்கு என் மேசையில் உள்ள தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். முதலில் எதிரொலி கேட்டது. தண்ணீர்ச் சத்தம், குழந்தைகள் கத்துவது, ஒரு விசில். அதன் பிறகு ஒரு ஆண் குரல்.

"சார், உங்க டிவியில என் மூஞ்சி வருது சார்."

யார் என்று கேட்டேன். தெற்குக் குளத்தின் மாஸ்டர் என்றார். "அது நான் இல்ல சார். இல்ல, படத்துல இருக்கறது நான்தான். ஆனா நான் அந்த ஆள் இல்ல. நான் இங்க கிளாஸ்ல இருக்கேன், இருபது பசங்க தண்ணியில நிக்குதுங்க. ஒரு அம்மா வந்து பிள்ளையை இழுத்துட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் எடுத்துடுங்க சார்."

"எழுத்துல அனுப்புங்க. ஆசிரியர் குழு பரிசீலிக்கும்" என்றேன்.

"எழுதறதா? சார், ஆறு மணிக்கு நான் வெளிய போகணும் சார். பஸ் ஏறணும்."

"எழுத்துல வந்தாத்தான் நடவடிக்கை எடுக்க முடியும்" என்றேன். எழுத்தில் வந்தால் என் கோப்பில் இன்னொரு தாள் சேரும் என்பதால் அப்படிச் சொன்னேன்.

"சரி சார். இதோ நிறுத்திட்டு எழுதறேன். எந்த விலாசம் சார்?" என்றார். நடுவில் யாரிடமோ, "கண்ணு, கரையைப் புடிச்சுக்கோ, வந்துட்டேன்" என்றார். மின்னஞ்சல் விலாசத்தைச் சொன்னேன். அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு தொலைபேசிப் பதிவேட்டில் என் கையெழுத்தில், 'மணி 5.20. நேயர் ஒருவர். காட்சி தொடர்பாக' என்று எழுதினேன். பதிவேடு இன்னும் அலுவலகத்தில் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதித்தால் இருக்காது.

மின்னஞ்சல் ஐந்து நாற்பத்தொன்பதுக்கு வந்தது. ஏழு வரி. எழுத்துப் பிழை இல்லை. நான் அதைத் திறந்து படித்துவிட்டு அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மற்ற சாட்சிகள் சொன்னதாக முன்பு இங்கு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டதிலிருந்து அறிவது: மாஸ்டர் ஆறு மணிக்கு மேல் குளத்தைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். நிறுத்தத்தின் பின்னால் உள்ள கைபேசிக் கடையில் எங்கள் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைது என்று போட்டிருக்கிறது, இவன் இங்கே நிற்கிறான், தப்பி வந்துவிட்டான் என்று சத்தம் போட்டார். மாஸ்டரின் தலை ஈரமாக இருந்தது. கையில் நீச்சல் பை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஆறு நாற்பத்தெட்டுக்கு அந்தப் பகுதியில் இருந்து எங்களுக்குச் செய்தி தருபவர் அழைத்தார். "சார், தப்பிச்சு ஓடின கோச்சை ஜனங்க புடிச்சுட்டாங்க சார். செம அடி. ஆளு எந்திரிக்கல. வீடியோ அனுப்பிட்டேன்." செய்தி ஆசிரியர் ஓடி வந்து, "போடு, போடு, நாமதான் ஃபர்ஸ்ட்" என்றார். அந்த வீடியோ என் கணினிக்கு வந்தது. நான் திறந்தேன்.

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஈரத் தலையோடு ஒருவர் குப்புறக் கிடந்தார். மேலே கடையின் தொலைக்காட்சி தெரிந்தது. அதில் எங்கள் சிவப்புப் பட்டை. பட்டைக்கு மேல் அதே ஆள், தண்ணீரில் நின்று, குழந்தையின் அடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு மறுபடி கையை எடுத்தார். மறுபடி சிரித்தார்.

அப்போது நான் பொத்தானை அழுத்தி, "பிளேட்டை இறக்கு" என்றேன். மணி ஆறு ஐம்பத்திரண்டு. இறங்குவதற்கு நான்கு வினாடி ஆயிற்று. மூலையில் 'கோப்புக் காட்சி' என்பது தெரிந்தது. அது இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடமும் அங்கேயேதான் இருந்தது.

அதன் பிறகு ஆறு ஐம்பத்தைந்துக்கு வடக்குக் குளத்திலிருந்து எங்கள் நிருபர் உண்மையில் கைதானவரின் படத்தை அனுப்பினார். நரைத்த, பருத்த வேறு ஒருவர். இரண்டு முகமும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் நின்றன.  தொகுப்பாளர்தான் ஓடிப்போய்ப் பழைய காட்சியில் முகத்தை மங்கலாக்கி மறுபடி சேமித்தார். கடைசியாகச் சேமித்த நேரம் மட்டுமே பதிவாகும் என்பதால்தான் கணினியில் அந்தக் கோப்பின் நேரம் ஆறு ஐம்பத்தேழு என்று காட்டுகிறது. ஒளிபரப்பின் பதிவிலும் ஆறு ஐம்பத்திரண்டு வரை குறிப்பு தெரியாது, அதன் பிறகு தெரியும். இந்த இரண்டையும் வைத்துத்தான், அவர் முதலில் குறிப்புப் போட மறந்து, அடிதடி நடந்த பிறகு அவசரமாகச் சேர்த்துவிட்டார் என்று செய்தி ஆசிரியர் சொன்னார். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும். பிளேட் மறைத்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன். பட்டையை இயக்கியவருக்கு அவருடைய சிறு திரையில் பட்டை மட்டுமே தெரியும்.

மறுநாள் காலை ஏழரைக்கு, வானிலைக்கும் தங்க விலைக்கும் நடுவில், திரையின் அடியில் ஓடும் எழுத்தில் ஒரு வரி போனது. 'நேற்று ஒளிபரப்பான நீச்சல் குளக் காட்சி கோப்புக் காட்சியாகும். தவறுக்கு வருந்துகிறோம்.' அதையும் எழுதியவன் நான்தான். முதலில் மாஸ்டர் நிரபராதி என்று எழுதியிருந்தேன். "நீளம் ஜாஸ்தி, சார். வக்கீல் வேற கத்துவான்" என்று செய்தி ஆசிரியர் அதை வெட்டினார். நான் வாதாடவில்லை. மெமோவும் எழுதவில்லை.

மாஸ்டர் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து இறந்தார்.

அதன் பிறகு அலுவலகக் கோப்பில் இருந்து என் மெமோ காணாமல் போனது. தாள் எண் நாற்பத்தொன்று இருக்கிறது, நாற்பத்து மூன்று இருக்கிறது. நகல் என் வீட்டில் இருந்தது, இன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். செய்தி ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். அது வீட்டுச் சண்டை. போலீஸ்ல நீங்க லிஸ்ட் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லுங்க, போதும்" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் கையால் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். நான் பார்த்ததை அவர் ஊகித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவரைப் பிடித்துக்கொடுக்க நான் வைத்திருந்த படம் என்னைத்தான் முதலில் பிடிக்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு இங்கு வந்து முதல் வாக்குமூலம் கொடுத்தேன்.

தொகுப்பாளர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அவரை இங்கு மூன்று முறை அழைத்து விசாரித்தார்கள். ஒருநாள் படிக்கட்டில் எதிரே வந்தார். "சார், நான் கோப்புன்னு டேக் போட்டேன்ல? நீங்க பாத்தீங்கல்ல? இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு சார், நான்தான் போடலையோன்னு" என்றார். எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அவரை வழக்கில் சேர்க்கப் போகிறார்கள், வரும் திங்கட்கிழமை கைதாகலாம் என்று செய்தியறையில் பேசிக்கொள்கிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை மாஸ்டரின் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தையல்காரர். வரவேற்பறையில் செய்தி ஆசிரியரும் நானும் அவரைச் சந்தித்தோம். ஒரு நோட்டில் எங்கள் வருத்த வரியை யாரோ எழுதிக் கொடுத்ததை வைத்திருந்தார். "இதுல என் தம்பி பேரு இல்லையேங்க" என்றார். சட்டப்படி அவ்வளவுதான் போட முடியும் என்று செய்தி ஆசிரியர் சொன்னார்.

"சட்டம் எனக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்துல முப்பது பேரு வேலை பாக்கறதா கீழ வாட்ச்மேன் சொன்னாரு. முப்பது பேர்ல ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

"யாரும் கவனிக்கலம்மா. கவனிச்சிருந்தா விட்டிருப்போமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்களாண்ணா?"

"நான் லிஸ்ட் பாத்துட்டு இருந்தேம்மா" என்றேன்.

"சரிங்கண்ணா" என்றார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே போகும் வழி எது என்று கேட்டார். காட்டினேன்.

இப்போது ஏன் வந்தீர்கள், மனசாட்சியா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, அந்தச் சொல்லை நான் பயன்படுத்த விரும்பவில்லை என்று சொல்கிறேன். நடப்பதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் குழாயடியில் வாளி நிறையும்போது எனக்கு எதிரொலியோடு ஒரு விசில் கேட்கிறது. பாதியிலேயே குழாயை மூடிவிடுகிறேன். "வாளி நெறையவே இல்லையேங்க, ஏன் மூடறீங்க?" என்று மனைவி கேட்கிறார். தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை. மல்லாந்து படுத்தால் முதுகுக்கு அடியில் ஒரு உள்ளங்கை இருப்பது போலவும், அது இப்போது எடுக்கப்படும் போலவும் இருப்பதால் ஒருக்களித்துப் படுக்கிறேன். ஒளிபரப்பின் பதிவை வைத்து எண்ணிப் பார்த்தேன். அன்று பட்டை இருந்த நேரத்தில் அவர் கையை எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு முறை. இப்போது எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசி தானாகவே, 'நான்கு வாரங்களுக்கு முன் இதே நாள்' என்று ஒரு படத்தைத் திரையில் காட்டியது. நான்கு பன்னிரண்டின் படம். சுற்றிலும் சின்ன நட்சத்திரங்கள் போட்டிருந்தது.

அதை அழிக்க இரண்டு முறை விரலை வைத்தேன். அழிக்கவில்லை. அதன் பிறகு சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். புதனும் வியாழனும் போனேன். வியாழன் அன்றுதான் அந்த அக்கா வந்தார். வெள்ளியும் போனேன். இன்று சனிக்கிழமை, இங்கு வந்தேன்.

செய்தி ஆசிரியர் மேல் உள்ள பகையால் இதைச் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு, பகை இருக்கிறது, இப்போதும் இருக்கிறது என்று சொல்கிறேன். அவர் என் மெமோவைக் கேலி செய்ததும், முகத்தை மறைக்க வேண்டாம் என்றதும், கோப்பிலிருந்து தாளை எடுத்ததும் அவர் கணக்கு. அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் மூலையைப் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். மாஸ்டர் யாரிடம் பேசினாரோ அவனும் நான். தொகுப்பாளர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். இந்த வாக்குமூலத்தால் எனக்கு வரக்கூடியது என்ன என்பதை உதவி ஆய்வாளர் விளக்கிச் சொன்னார். புரிந்துகொண்டேன்.

அதன் பிறகு என் கைபேசியை ஒப்படைத்தேன். உதவி ஆய்வாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மாஸ்டரின் கை, சிறுமியின் முதுகு, சிவப்புப் பட்டை, மேலே மணி எல்லாம் தெளிவாக இருந்தன. அவர் படத்தை ஓரத்துக்கு நகர்த்தி, திரையின் கண்ணாடியில் ஒரு இடத்தைக் காட்டி, "சார், இது யாரு?" என்றார். ஒரு மாதமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். மூலையை மட்டும் பார்த்ததால் அதைக் கவனித்ததில்லை. கண்ணாடியில், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நான் தெரிந்தேன்.

"சிரிக்கிறீங்க போல" என்றார் உதவி ஆய்வாளர்.

எழுத்தர் இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில், 'கண்ணாடியில் ஒரு நபரின் உருவம் மங்கலாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தார். எனக்கு நன்மை செய்வதாக நினைத்து அப்படி எழுதியிருக்கலாம். அதை மட்டும் திருத்தச் சொன்னேன். என் வேண்டுகோளின்படி, 'மங்கலாக' என்ற சொல் அடிக்கப்பட்டு, 'கண்ணாடியில் தெளிவாகத் தெரிவது நான். சிரித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதப்பட்டுள்ளது. திருத்தத்தின் அருகே சுருக்கொப்பம் இட்டுள்ளேன்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் பதியும்படி கேட்டுக்கொண்டேன். இங்கு அதற்கு இடமில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும் என்று எழுத்தர் சொன்னார். அதன் பிறகு உதவி ஆய்வாளர், அதே கேள்வியைத் தானே கேட்பதாகச் சொல்லிக் கேட்டார். முப்பது பேரில் ஒருவர் கண்ணில்கூடப் படவில்லையா என்று கேட்டதற்கு, ஒருவர் கண்ணில் பட்டது, மணி நான்கு பன்னிரண்டு என்று சொல்கிறேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலும் மிரட்டாமலும் நான் சொன்னதே மேலே எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கக் கேட்டேன், நானும் ஒருமுறை படித்தேன். முதல் வாக்குமூலத்தில் இதற்கு மாறாக உள்ளவை பொய், இதில் உள்ளவை மெய் என்று அறிந்தே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கீழ் இடது மூலையில், கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்பாக,
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்